எங்கள் கேம்பர் கூரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜில் கட்டி வந்த, பயணத்தில் தங்கிப் படுப்பதற்கான கேம்பர் வண்டியின் கூரை தன் இடத்தில் ஏறி, பூச்சும் காய்ந்து, இலையுதிர்காலத்தின் முதல் பெருமழையில் ஒரு சொட்டு நீரையும் உள்ளே விடாமல் நின்றுவிட்டது. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு சிறு வண்டிக்காகத் தங்கள் சனிக்கிழமைகளையும், பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த தொழிலறிவையும் தயங்காமல் தந்தவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்ன நன்றி போதாது என்று எங்கள் குடும்பம் கருதுகிறது. யார் எதைத் தந்தார் என்பதை விளக்கமாக எழுதுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பதால், இம்மடலில் வேலையின் நுணுக்கங்கள் சில இடங்களில் நீண்டுதான் வரும். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதற்கு இணங்கப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் முன்பாகக் காரைநகர் ஐயாவுக்கு எங்கள் நன்றி. நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரில் உருவான சீநோர் படகுத் தொழிற்சாலையில் இளவயதில் வேலை பழகிய அவர், பைபர்கிளாஸை நன்கு அறிந்தவர். படகு செய்யும்போது மெழுகு பூசிய அச்சொன்றின் உள்ளே ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சை அடித்து, அதன் மேல் சிறு கண்ணாடி இழைகளை ஒட்டிச் செய்த ‘மட்’ எனும் விரிப்பைப் பரப்பி, பொலியெஸ்டர் ரெசின் எனும் திரவப் பிசினை உருளையால் ஊட்டி, இறுகியபின் அச்சிலிருந்து கழற்றி எடுப்பார்கள். எங்கள் கூரைக்கு அச்சே இல்லை. செதுக்கிய நுரைப்பலகைதான் அதன் வடிவம். அந்த நுரை கடைசிவரை உள்ளேயே இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து என்னென்ன மாறும் என்பதை ஐயா வந்த அன்றே எங்களுக்குக் காட்டிவிட்டார். வெட்டி எறிந்திருந்த ஒரு துண்டு நுரையை எடுத்து, தாம் கொண்டுவந்திருந்த பொலியெஸ்டர் ரெசினில் சிறிது ஊற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை கரைந்து குழி விழுந்தது. பொலியெஸ்டர் ரெசினைத் திரவமாக வைத்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம், எங்கள் பலகையான பொலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். எப்பொக்சி எனும் வேறு வகை ரெசினில் ஸ்டைரீன் இல்லாததால் அது நுரையைத் தொடுவதில்லை. விலை கூடினாலும் எப்பொக்சியே வாங்க வேண்டும் என்ற முடிவு அந்த இடத்தில் எடுக்கப்பட்டது.

தாம் வாழ்நாளெல்லாம் கையாண்ட ‘மட்’ விரிப்பையும் அவரே வேண்டாம் என்று ஒதுக்கினார் என்பதை இங்கே தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். மட்டின் சிறு இழைகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் பசை, ஸ்டைரீனில் கரைவதற்கென்றே பெரும்பாலும் தயாரிக்கப்படுகிறது; எப்பொக்சியில் அது கரையாமல் விறைத்து நிற்கும், வளைவில் படியாது. ஆகவே நெய்த கண்ணாடித் துணியே பொருத்தம் என்றார். பழகிய பொருள் இந்த வேலைக்கு உதவாது என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லக்கூடியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நுரையைச் செதுக்கும் கலையைத் தந்தவர் ஒஷாவாப் பக்கத்தில் வசிக்கும் ஒரு கனேடியப் பெரியவர். தம் வீட்டிலேயே லோங்-ஈசி விமானம் கட்டியவர். அதன் முன்னோடியான, அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டானின் வாரி-ஈசி விமானம் 1975இல் முதன்முதலாகப் பறந்தது. அச்சு எதுவும் இல்லாமல், சூடான கம்பியால் நுரையை இறக்கை வடிவில் அறுத்து, அதன் மேல் கண்ணாடித் துணியும் எப்பொக்சியும் போர்த்தும் முறையை வீட்டில் விமானம் கட்டுவோரிடையே பரப்பியது அந்த வடிவமைப்புத்தான். வானத்தில் ஆளைச் சுமக்கும் அந்த முறை எங்கள் கூரைக்குத் தாராளமாகப் போதும் என்று அவர் கொடுத்த உறுதிதான் எங்களைத் தொடங்க வைத்தது.

நுரைப்பலகைகளுக்காக வேலும் மயிலும் என்று நாங்கள் அழைக்கும் இரு சகோதரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டட வேலைத்தளம் ஒன்றில் மீந்த 2 அங்குல இளஞ்சிவப்புப் பலகைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, தங்கள் வேன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். இது நாம் ஊரில் ரெஜிபோம் என்று சொல்வதன் இனந்தான். ஆனால் மணிமணியாக உதிராது, நீரையும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஒரு கன மீற்றர் சுமார் 30 கிலோதான் வரும்.

கூரையின் நடுவே நீர் தேங்காதபடி மெல்லிய கூன் வேண்டும். முன்பக்கம் காற்றைக் கிழிக்கும்படி உருண்டு இறங்க வேண்டும். இதற்காகப் பலகைகளை அடுக்கி ஒட்டும்போது விமானப் பெரியவர் சொன்ன ஒரு குறிப்பு எங்கள் வேலையைக் காப்பாற்றியது. பசை நுரையைவிடக் கடினமானது. செதுக்கும் கோட்டுக்கு மேலே பசை வந்துவிட்டால், தேய்க்கும்போது இருபுறமும் நுரை குழிந்து பசை வரப்பாக எழுந்து நிற்கும். எனவே இறுதி மேற்பரப்பு எங்கே அமையும் என்று முதலில் கணக்கிட்டு, அந்த விளிம்புக்குச் சற்று உள்ளேயே பசையை நிறுத்தினோம். இரு முனைகளிலும் ஒட்டுப்பலகையில் வெட்டிய மாதிரிகளை ஆணியடித்து, அவற்றின் மேல் சூடான கம்பியை இருவர் ஒரே வேகத்தில் இழுத்தோம். அவர் இரவல் தந்த கம்பி வில்லில்தான் அந்த வேலை நடந்தது. பொலிஸ்டைரீனுக்கு மட்டுமே அந்தக் கம்பி ஆகும், பொலியூரிதேன் நுரையைச் சுட்டால் நச்சுப் புகை எழும் என்று எச்சரித்து, கராஜ் கதவை முழுதாகத் திறந்து வைத்த பின்னரே தொடங்கவிட்டார்.

கம்பி அறுத்ததை நேராக்கியது நீண்ட பலகையில் ஒட்டிய சாண்ட்பேப்பர். நேர்க்கோட்டில் ஓட்டினால் அலை விழும் என்பதால் மூலைவாட்டத்தில், இரு திசையிலும் மாறி மாறித் தேய்க்க வேண்டும். இருட்டிய பின் விளக்கைத் தாழப் பிடித்து, நிழல் விழும் பள்ளங்களைப் பென்சிலால் வட்டமிட்டுத் தந்த என் மருமக்கள் இருவருக்கும் அன்பான நன்றி. கூர்மையான விளிம்புகளையெல்லாம் உருட்டியதும் அவர்களே. கூர் விளிம்பில் கண்ணாடித் துணி படியாமல் எழும்பி, அடியில் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

துணியை வெட்டித் தந்த தையல்கார அக்காவின் பங்கை எப்படி எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். முன்பக்க உருட்டில் இரு திசை வளைவு ஒன்றுகூடும் மூலைகளில் நேராக வெட்டிய துணி சுருக்கம் விழும் என்று எங்களுக்குத் தெரியும். எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. சேலைச் சட்டையின் கழுத்துப் பட்டியை மூலைவாட்டமாக வெட்டுவதுபோல இதையும் 45 பாகையில் வெட்டினால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து வளைவோடு போகும் என்று அக்கா பார்த்தவுடன் சொன்னார். கண்ணாடித் துணியை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை. பழைய படுக்கை விரிப்பில் மாதிரி வெட்டி, கூரையில் போட்டுச் சரிபார்த்து, பிறகே கத்தரியை எடுத்தார். முன்மூலைகளில் இன்று ஒரு சுருக்கமும் இல்லை.

துணி போர்த்திய நாளில் காரைநகர் ஐயாதான் மேற்பார்வை. எப்பொக்சியும் அதை இறுகச் செய்யும் ஹார்ட்னரும் தராசில் நிறுத்தே கலக்கப்பட வேண்டும், கண்ணளவு கூடாது என்பதில் அவர் அசையவில்லை. கலந்ததை உடனே அகன்ற தட்டில் ஊற்றச் சொன்னார்; ஆழமான பாத்திரத்தில் விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். முதலில் நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளை எப்பொக்சியில் குழைத்து நுரையின் துளைகளை அடைத்தோம். அது ஈரமாக இருக்கும்போதே துணியை விரித்தோம். ரெசினை ஊற்றுவதைவிட வழித்தெடுப்பதே தொழில் என்று ஐயா திரும்பத் திரும்பச் சொன்னார். துணியின் எடையும் ரெசினின் எடையும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் போதும். அதற்கு மேல் நிற்கும் ரெசின் பாரத்தைக் கூட்டுமே ஒழியப் பலத்தைக் கூட்டாது. விமானப் பெரியவரோ கராஜின் ஹீட்டரைத் துணி விரிப்பதற்கு முன்பே நிறுத்தச் சொன்னார்: நுரை சூடேறிக்கொண்டிருந்தால் உள்ளே உள்ள காற்று விரிந்து துணியின் கீழ்க் குமிழியாக எழும். இரு வேறு தொழில்களிலிருந்து வந்த இந்த இருவரும் ஒருவர் சொல்லை மற்றவர் கவனித்துக் கேட்டு, வேலையை ஒரே போக்கில் கொண்டுசென்றது எங்களுக்குக் கிடைத்த பெரும் பேறு.

உட்புறத்திலும் கண்ணாடித் துணியாலான ஒரு தோல் வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் வலியுறுத்தினார்கள். மேலே மட்டும் போர்த்தினால் நுரை வளையும். இருபுறமும் போர்த்தினால் அழுத்தத்தை ஒரு தோலும் இழுவையை மறு தோலும் தாங்க, நடுவில் உள்ள நுரை அவற்றை விலக்கிப் பிடித்திருக்கும். பனி கொட்டும் நாட்டில் இதைத் தவிர்க்க முடியாது. காற்றோட்ட விசிறிக்கான 14 அங்குலச் சதுரத் திறப்பைச் சுற்றி நுரையை அகற்றி மரச்சட்டம் பதித்ததும் அவர்கள் யோசனையே. வெறும் நுரையில் திருகாணி நிற்காது, நசுங்கி இளகி நீருக்கு வழிவிடும்.

எங்கள் அனைவரின் தோலையும் நுரையீரலையும் பார்த்துக்கொண்டவர் தாதியாகப் பணிபுரியும் என் மைத்துனி. எப்பொக்சி ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும் என்று விளக்கி, நைட்ரைல் இறப்பர்க் கையுறையும் வடிகட்டி பொருத்திய முகமூடியும் இல்லாத எவரையும் அவர் கராஜுக்குள் விடவில்லை. கையில் பட்டதைத் துடைக்கக் கரைப்பான் எதையும் தொடாதீர்கள், சவர்க்காரமும் நீருமே போதும் என்றும் ஒழுங்கு வைத்தார்.

பூச்சு அடித்துத் தந்த தம்பி, கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் கடையில் வேலை செய்கிறார். வெயிலின் புற ஊதாக் கதிர் எப்பொக்சியைச் சிதைக்கும் என்பதால் பூச்சு கட்டாயம். எனக்குக் கரும்பச்சையில் ஆசை இருந்தது. இந்த நுரை 74 பாகை செல்சியசுக்கு மேல் பயன்படுத்த உகந்ததல்ல என்பதையும், ஆடி வெயிலில் கருநிறக் கூரை எவ்வளவு சூடேறும் என்பதையும் எடுத்துச்சொல்லி வெள்ளைக்கு மாற்றினார். ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார்.

கோடை முழுதும் தேய்க்கும் ஓசையைப் பொறுத்துக்கொண்ட இருபக்க அயலவர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சலிக்காமல் தேநீரும் சோறும் தந்த என் மனைவிக்கும் மாமிக்கும் மனமார்ந்த நன்றி.

மாதிரிப் பலகைகள், அக்கா படுக்கை விரிப்பில் வெட்டிய துணி அளவுகள், மீந்த கண்ணாடித் துணி ஆகியவை பத்திரமாக உள்ளன. ரொறன்ரோப் பக்கம் இதுபோன்ற கூரை கட்ட விரும்பும் எவரும் அவற்றை எடுத்துச் செல்லலாம். கம்பி வில்லையும் கேட்டால் தருவதாக விமானப் பெரியவர் சொல்லியிருக்கிறார். சந்தேகம் கேட்க விரும்புவோருக்குக் காரைநகர் ஐயா ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டில் இருப்பார். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

நன்றியுடன்,
கேம்பர் கட்டிய குடும்பத்தார்
ஸ்காபரோ, ஒன்ராறியோ