என் பேத்தி எந்தப் புண்ணியக் கணக்கிலும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்குறையோடு பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த நடுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன், எங்காவது எழுத்து மாறித் தெரிகிறதோ என்று. இல்லை. "இத்தகைய தெய்வக் குழந்தைகளைப் பெறுவதற்குப் போன பிறவியில் புண்ணியம் செய்திருக்க வேண்டும்" என்றுதான் அச்சாகியிருக்கிறது.

2024-ல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்குப் பேச வந்த ஒருவர், உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவம் என்ற தோரணையில் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே அவரைக் கேள்வி கேட்டார். அப்புறம் எழுந்த கூச்சல், கைது எல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்களும் கண்டித்து எழுதினீர்கள். பாவம் என்றால் கண்டனம், புண்ணியம் என்றால் நடுப்பக்கமா? இருவரும் புரட்டுவது ஒரே பேரேட்டைத்தான். ஒருவர் பற்றில் எழுதுகிறார், மற்றவர் வரவில் எழுதுகிறார். மின்வாரியத்தில் 34 வருடம் கணக்குப் பார்த்தவன் நான்.

என் பேத்திக்கு 11 வயது. மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில் இருக்கிறாள். வலது கை சொன்ன பேச்சைக் கேட்காது, இடது கையால் எழுதுவாள், வரைவாள். பேச்சு இழுக்கும். நிதானமாகக் கேட்டால் எல்லாம் புரியும். நிதானமாகக் கேட்கத்தான் ஆளில்லை. தெய்வத்தன்மை எதையும் அவளிடம் இதுவரை நான் பார்க்கவில்லை. தம்பி பங்கு முறுக்கையும் தின்றுவிட்டு, காலி டப்பாவை அவன் புத்தகப்பையில் வைத்துவிடுகிற ரகம். போன மாதம் கோயில் வாசலில் ஓர் அம்மாள் அவள் மடியில் 10 ரூபாயை வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். இவள் என்னிடம் திரும்பி, "தாத்தா, இதுக்கு ஐஸ் வருமா?" என்றாள்.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லவில்லை. அவளுடைய ஒன்றரை வயதில் டாக்டர் விவரம் சொன்ன அன்று, திண்ணையில் உட்கார்ந்து "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று நானும் வாய்விட்டுச் சொன்னவன்தான். மருமகள் காதில் விழுந்துவிட்டது. மூன்று மாதம் அந்தப் பெண் என்னிடம் பேசவில்லை. காப்பி மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். அந்தக் காப்பியைக் குடித்தவன் என்பதால் சொல்கிறேன், உங்கள் கட்டுரையாளர் எழுதியதை எந்தத் தாயும் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

அவர் தென்காசிப் பக்கம் ஒரு நடை வந்திருக்கலாம். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இங்கே ஆய்க்குடியில்தான் இருக்கிறது. அங்கே யாரும் பிள்ளைகளைக் கும்பிடுவதில்லை. நீட்டு, மடக்கு, இன்னொரு தடவை என்று வேலை வாங்குகிறார்கள்.

அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அலைந்ததைத் தனிக் கடிதமாகவே எழுதலாம். எங்கள் தெருமுனையில் இருக்கும் தனியார் பள்ளியில் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "மத்த பேரன்ட்ஸ் என்ன நினைப்பாங்க சார், ஸ்பெஷல் ஸ்கூல்ல விசாரிச்சீங்களா?" என்று மிக மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. விரும்பினால் என்றால் பிள்ளை விரும்பினால். தலைமையாசிரியை விரும்பினால் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

கடைசியில் வேறொரு பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே சாய்தளமும் உண்டு, வாக்குச்சாவடிக்காகக் கட்டியது. ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் விட வேண்டும் என்பது விதி. இது செங்குத்தாக நிற்கிறது. இறங்கும்போது நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் வகுப்புப் பிள்ளைகளைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் யார் நாற்காலியைத் தள்ளுவது என்று சண்டை. அதில் ஒருவன் சுவரில் கொண்டுபோய் முட்டிவிட, இரண்டு பேரும் அழுதார்கள், மறுநாள் சேர்ந்து சாப்பிட்டார்கள். நீங்கள் தொடர் கட்டுரை போடும் சமூக மாற்றம் அங்கே பத்தே நாளில் முடிந்துவிட்டது. பெரியவர்களிடம்தான் நடக்க மாட்டேன் என்கிறது. வகுப்பே போன ஒரு பிறந்தநாளுக்கு இவளை மட்டும் கூப்பிடவில்லை. கேட்டதற்கு, "மாடி வீடு சார், பாப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்" என்றார் அந்தப் பிள்ளையின் அம்மா. தூக்கிக்கொண்டு ஏற நான் இருக்கிறேனே அம்மா, என்னைக் கேட்டீர்களா?

இனி உங்கள் சங்கதி. போன வருடம் நீங்கள் நடத்திய குழந்தைகள் தின ஓவியப் போட்டிக்கு அவளைக் கூட்டிவந்தேன். முதல் மாடி, சரி, தூக்கினேன். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம். இவளை "சிறப்புக் குழந்தைகள் பிரிவு" என்று ஓரமாக உட்காரவைத்தார்கள். அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து, அந்தப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்து, போட்டோ எடுத்து, கைதட்டி அனுப்பிவிட்டார். இவள் குற்றாலம் ஐந்தருவியை வரைந்துகொண்டிருந்தாள். பாறை முடிந்திருந்தது, தண்ணீர் இன்னும் விழவில்லை. படத்தை யாரும் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. ஆட்டோவில் வரும்போது, "தாத்தா, நான் ஜெயிச்சேனா தோத்தேனா?" என்று கேட்டாள். அந்த டிபன் பாக்ஸில் இப்போது அவள் அம்மா பித்தான்கள் போட்டு வைத்திருக்கிறாள்.

அந்தப் புண்ணியக் கட்டுரைக்கு அடுத்த பக்கத்திலேயே இந்த வருடப் போட்டி அறிவிப்பு. அதே மண்டபம், அதே மாடி, அதே தனிப் பிரிவு.

நான் கேட்பது இவ்வளவுதான். போட்டியைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். பேத்தியின் பெயரை 10 முதல் 12 வயதுப் பிரிவில் சேருங்கள். அரசுத் தேர்வு விதிகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அதன்படி 40 நிமிடம் தாருங்கள். படம் நன்றாக இல்லையென்றால் பரிசு வேண்டாம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், போதும்.

விண்ணப்பத்தையும் நுழைவுக் கட்டணம் 50 ரூபாயையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போன வருடம், "இவங்களுக்கெல்லாம் வேண்டாம் சார்" என்று பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இந்த முறை வாங்கிக்கொண்டு ரசீது அனுப்பவும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
தென்காசி