மலைப் பள்ளிக்குத் தலைக்கணக்கு போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறை குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 'பாடம் நடத்த ஆளில்லை' என்கிறார்கள் பெற்றோர். 'முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்குக்கு மேலேயே இருக்கிறார்கள்; சில இடங்களில் உபரி' என்கிறது துறையின் பட்டியல். நீலகிரியில் இந்த இரண்டு பேச்சும் ஒரே பள்ளியைப் பற்றியதாக இருக்கலாம், இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம். அது எப்படி என்று விளக்கச் சற்று இடம் தரவேண்டுகிறேன்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு. நகரத்துப் பள்ளிக்கு இது பொருந்தும். கோத்தகிரி, குந்தா பக்கத்து ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) கூடலூர், பந்தலூர் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலும் உள்ள தொடக்கப் பள்ளியில் மொத்தமே இருபது, முப்பது பிள்ளைகள்தான். அட்டவணைப்படி இரண்டு ஆசிரியர். ஒருவருக்குப் பதினைந்து பிள்ளை என்று பார்த்தால் வசதியான நிலைமை போலத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லையே! ஒன்றில் நான்கு பேர், இரண்டில் ஏழு பேர், மூன்றில் ஐந்து பேர் என்று ஐந்து வகுப்பிலும் சிதறிக் கிடக்கிறார்கள். பாடநூல் ஐந்து வகுப்புக்கும் தனித்தனி.

அதே சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வரையறுத்திருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 4,000 மணி நேரம் கற்பிக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஒரு நாள்கூட விடுப்பில்லாமல் நின்றாலும் 1,600 மணி நேரம்தான் கிடைக்கும். வகுப்புக்கு 320 மணி நேரம். இருவரில் ஒருவர் 40 நாள் வெளியே போக நேர்ந்தால் அது 288 ஆகிறது. ஆண்டு முழுக்க ஒருவரே இருந்தால் 160. முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இந்த வீழ்ச்சி எங்கேயும் பதிவாகாது.

40 நாள் என்பது மிகைப்படுத்தல் அல்ல. தற்செயல் விடுப்பு 12 நாள். இருவருக்கும் சேர்த்து 24. வட்டார வள மையப் பயிற்சி, பக்கத்துப் பள்ளிகளை ஒன்றுசேர்க்கும் குறுவள மையத்தின் கூட்டம், தலைமையாசிரியர் கூட்டம் என்று மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள். பள்ளிக் கணக்கு தொடர்பாக வங்கிக்கு ஒரு நடை போனால், பேருந்து நேரம் ஒத்துவராத ஊர்களில் அரை நாள் போய்விடும். ஆசிரியரே வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் இருந்தால் அந்த வேலை தனி. ஈ.எம்.ஐ.எஸ். என்ற துறையின் இணையத் தளத்தில் பள்ளிப் பதிவுகளை ஏற்ற சிக்னல் தேடி மேட்டுக்கு நடக்கும் நேரம் இந்தக் கணக்கிலேயே வராது. இளம் ஆசிரியை ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் 12 மாதம். அது அவருடைய உரிமை. யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் அந்த ஓராண்டுக்கு மாற்று ஆசிரியர் தராத நிர்வாகம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டக் கற்க வேண்டிய ஆண்டைப் பறித்துவிடுகிறது. அந்த ஆண்டு திரும்பி வராது.

பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடக்கிறது. ஒரு பள்ளியில் 61 பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர். அதில் ஒரு பிள்ளை குறைந்தால் மூன்றாவது பணியிடம் உபரியாகி, பணிநிரவலில் அந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போக வேண்டும். ஜூன், ஜூலையில் தேவாலா, பந்தலூர் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். பசுந்தேயிலை விலை சரிந்தால் குடும்பத்தோடு திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போகிறவர்கள் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் டி.சி. வாங்கினால் அவர்களோடு ஓர் ஆசிரியரும் போய்விடுகிறார். 2001-இல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. மக்களே குறைந்துவரும் மாவட்டத்தில் தலையை எண்ணிப் பணியிடம் போட்டால் ஆண்டுக்காண்டு தேயத்தான் செய்யும். ஆசிரியர் குறைந்தால் பெற்றோர் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றுவார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் இறங்கும். அதன்பிறகு 'பிள்ளைகள் இல்லாத பள்ளியை எதற்கு நடத்த வேண்டும்' என்ற கேள்வி வரும். சமவெளியில் ஒரு கிலோமீட்டர் என்பது பத்துப் பதினைந்து நிமிட நடை. இங்கே அது ஒரு சரிவு இறங்கி, ஓடை தாண்டி, யானை நடமாடும் தேயிலைக்காட்டு வழியே ஏறும் பாதை. பள்ளிகளை இணைக்கலாம் என்று எழுதுபவர்கள் ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பாதையில் நடப்பதை மனத்தில் வைத்து எழுத வேண்டும்.

இரண்டு பேரை வைத்து ஐந்து வகுப்பை நடத்தவே முடியாது என்பது என் கருத்து அல்ல. முறையாகச் செய்தால் முடியும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரிப்பது மலைப் பள்ளிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒருவர் ஒன்று முதல் மூன்று வரையும் மற்றவர் நான்கு, ஐந்தையும் எடுத்துக்கொள்வார்கள். 45 நிமிடப் பாடவேளையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவோடும் பதினைந்து நிமிடம் ஆசிரியர் தரையில் உட்கார வேண்டும். மற்ற இரண்டு குழுவுக்கும் அந்த நேரத்துக்கான வேலை முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்: பயிற்சிநூலின் பக்கம், எழுத்தட்டை, புளியங்கொட்டை, குச்சிக் கட்டு. முதலில் அரும்புக் குழுவோடு உட்கார வேண்டும். அவர்களால் காத்திருக்க முடியாது, காத்திருக்க வைத்தால் மற்ற இரண்டு குழுக்களின் வேலையையும் கலைத்துவிடுவார்கள்.

இது எங்கே உடைகிறது? அடுத்த நாளுக்கான அட்டைகளை எடுத்து வைக்கத் தினம் அரைமணி நேரமாவது வேண்டும். அந்த அரைமணி பதிவேற்றத்தில் போய்விட்டால் மறுநாள் இரண்டு குழுக்களுக்கும் 'பார்த்து எழுது' என்பதுதான் வேலை. இருவரில் ஒருவர் வராத நாளில் ஐந்து வகுப்பும் ஓர் அறைக்குள் வந்துவிடும். அப்போது நடப்பது மேய்ப்பு, கற்பித்தல் அல்ல. அப்படிப்பட்ட நாள்கள் வாரம் ஒன்று வந்தாலே போதும், நிலைப் பிரிப்பு குலைந்துவிடும். அரும்பிலிருந்து மொட்டுக்கு ஏற வேண்டிய பிள்ளை ஏறாது. பிறகு யாராவது வந்து தேர்வு வைத்து 'மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை' என்று எழுதுவார்கள். எழுதுவது உண்மை. அதற்கான காரணத்தை மட்டும் ஆசிரியரின் அக்கறையின்மை என்று போடுவது தவறு.

2012-13-க்குப் பிறகு அரசு தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவும் வந்தது. கூடுதல் ஆசிரியர் வரவில்லை. ஒரே வகுப்பறையில் மூன்று பிள்ளைகள் தமிழ்வழிக் கணக்குப் புத்தகமும் நான்கு பிள்ளைகள் ஆங்கிலவழிக் கணக்குப் புத்தகமும் வைத்திருந்தால், அந்த இரண்டு ஆசிரியருக்கு ஐந்து வகுப்பு பத்து வகுப்பாகிறது.

இங்கு மொழி இன்னொரு பெரிய விஷயம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் ஆறும் வாழும் மாவட்டம் இது. படகர் வீட்டுப் பிள்ளையும் பள்ளிக்கு வரும்போது படக மொழியோடுதான் வருகிறது. தமிழில் ப-வில் தொடங்கும் பல சொற்கள் அங்கே ஹ-வில் தொடங்கும். பால் அவர்களுக்கு ஹாலு; பட்டி அவர்களுக்கு ஹட்டி. இதை அறிந்த ஆசிரியர் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டே பத்திருபது சொற்களை ஒரு வாரத்தில் ஏற்றிவிடுவார். அறியாதவர், பிள்ளைக்கு உச்சரிப்பு வரவில்லை என்று திருத்திக்கொண்டே இருப்பார், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளின் வீட்டுமொழி பாடநூல் தமிழிலிருந்து இன்னும் விலகி நிற்பது. அவர்கள் அதிகமுள்ள பள்ளிகளில் முதல் பருவம் முழுவதும் அந்த மொழி பேசும் உள்ளூர் உதவியாளர் ஒருவர் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டும். ஆண்டு நடுவில் இடைநிற்றல் கணக்கெடுத்து வீடுவீடாகப் போவதைவிட இது மலிவானது, பலனும் உறுதி.

சமவெளியிலிருந்து நியமனம் பெற்று வருபவருக்கு இந்தப் பழக்கம் பிடிபட இரண்டு ஆண்டாகும். பிடிபட்ட சமயத்தில் பொது மாறுதல் கலந்தாய்வு வந்துவிடும். அவர் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்த ஊரில் வயதான பெற்றோர், இங்கே சுற்றுலாவால் ஏறிய வாடகை, கூடலூரிலிருந்து உதகைக்கே 50 கிலோமீட்டர். மலைப்படியும் குளிர்காலப் படியும் இதை ஈடுகட்டப் போதாது. எனக்குத் தெரிந்து ஆளை நிறுத்தி வைப்பது படியைவிடக் குடியிருப்புதான். ஊருக்கு ஒரு வீடு கேட்கவில்லை. கூடலூர், பந்தலூர், மஞ்சூர் போன்ற பேருந்து மையங்களில் எட்டு, பத்து வீடுகள் கொண்ட ஆசிரியர் குடியிருப்பு இருந்தால் போதும். கூடவே, ஈராசிரியர் பள்ளியில் மாறுதல் ஆணை பெற்றவரைப் பதிலாள் வந்து சேர்ந்த பிறகே விடுவிக்க வேண்டும், அதற்கு விலக்கே கூடாது.

ஊதியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவர்) அடிப்படை ஊதியம் ரூ.8,370. மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு ரூ.5,200. தர ஊதியம் ரூ.2,800 இருவருக்கும் ஒன்றே. ஏழாவது ஊதியக் குழுவின் 2.57 பெருக்கத்தில், இரண்டையும் கூட்டிய தொகையில், பின்னவரின் 8,000 ரூபாய் 20,560 ஆகி, ரூ.20,600 என்று நிர்ணயமானது. முன்னவரின் 11,170 ரூபாய் 28,707 ஆனது. 3,170 ரூபாய் இடைவெளி, அகவிலைப்படி சேர்க்காமலே 8,100 ரூபாய்க்கு மேல் விரிந்தது. ஈராசிரியர் பள்ளியில் இந்த இருவரும் ஒரே அறையில், ஒரே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்று அவர்கள் சாலைக்கு வரும்போது 'படிப்பு கெடுகிறது' என்று கண்டிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் வைக்கும் ஏற்பாடு 2022-இல் வந்தது. தொகுப்பூதியம் முதலில் ரூ.7,500, 10,000, 12,000 என்றிருந்து, பிறகு இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ஆனது. 2012-இல் ரூ.5,000-க்கு எடுக்கப்பட்ட பகுதிநேர ஓவிய, கணினி, உடற்கல்வி ஆசிரியர்களின் கதையும் இதற்கு அண்ணன் தம்பிதான். நான் எதிர்ப்பது ஆளை அல்ல, முறையை. அனுமதி வந்து, அறிவிப்பு ஒட்டி, விண்ணப்பம் வாங்கி, குழு கூடி முடிப்பதற்குள் முதல் பருவம் பாதி கரைந்துவிடும். மேல்நிலையில் இதன் அடி பலமாக விழுகிறது. தொடக்கப் பள்ளியில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் சமாளிப்பார். இயற்பியல் முதுகலை ஆசிரியர் இல்லாத பள்ளியில் அந்தப் பாடத்தை யாரும் சமாளிக்க முடியாது. பிளஸ் டூ பிள்ளைகள் செய்முறையே செய்யாமல் பதிவேடு மட்டும் எழுதிப் போவார்கள். பதினெட்டாயிரத்துக்குச் சமவெளியிலிருந்து ஒரு முதுகலை இயற்பியல் பட்டதாரி இங்கே வீடு எடுத்துத் தங்க வருவாரா?

எனவே நான் முன்வைப்பது குறுவள மையத்துக்கு ஒரு மாற்று ஆசிரியர் அணி. ஒரு மையத்தின்கீழ் 12 ஈராசிரியர் பள்ளிகள் என்று கொள்வோம், 24 ஆசிரியர்கள். விடுப்பும் பயிற்சியும் சேர்த்து ஒருவருக்கு 20 நாள் என்றால் ஆண்டுக்கு 480 நாள். 200 வேலை நாளால் வகுத்தால் 2.4. நீண்ட மருத்துவ விடுப்பையும் சேர்த்து மூன்று பேர் வேண்டும். இவர்கள் முழு ஊதியம் பெறும் நிரந்தர ஆசிரியர்களாக இருக்க வேண்டும். தொகுப்பூதியக்காரரைத் தினம் ஒரு மலைக்கு அனுப்ப முடியாது. பயிற்சித் தேதிகள் முன்கூட்டியே தெரியும் என்பதால் மாதத் தொடக்கத்திலேயே யார் எங்கே என்ற அட்டவணை போட்டுவிடலாம். கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு: குறிப்பிட்ட பள்ளி இல்லாத ஆசிரியரை அலுவலகம் தன் எழுத்து வேலைக்கு இழுத்துக்கொள்ளும். மாற்றுப்பணி என்ற பெயரில் இது நடந்தால் திட்டம் ஆறே மாதத்தில் செத்துவிடும். ஆகவே, வேலை நாளில் வகுப்பறை தவிர வேறெங்கும் கையெழுத்திடக் கூடாது என்பது நியமன ஆணையிலேயே இருக்க வேண்டும்.

இதற்குத் தேவை இருக்கிறதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆகஸ்ட் 1-க்கு முன்பாக, உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய நான்கு ஒன்றியங்களிலும் உள்ள ஈராசிரியர் பள்ளிகளின் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து, சென்ற கல்வியாண்டில் எத்தனை நாள் ஒரே ஒரு கையெழுத்து மட்டும் இருந்தது என்று எண்ணட்டும். இரண்டு வார வேலை. பதிவேடு ஒவ்வொரு பள்ளியிலும் அலமாரியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.