60 சென்டிமீட்டர் ரோஜா

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. எங்கள் 40-ஆவது திருமண நாளுக்கு நீ அனுப்பிய பூங்கொத்து வந்து இன்றோடு 12 நாள் ஆகிறது. அதில் பாதி இன்னும் வாடவில்லை என்று தொலைபேசியில் சொன்னபோது நீ நம்பவில்லை. பதவி உயர்வுக்காக உன் அலுவலகத்தில் கொடுத்த கொத்து நான்காம் நாளே தலை தொங்கிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டாய். அதைக் கட்டுப் பிரிக்காமல் அப்படியே தண்ணீர்க் குடுவையில் நிறுத்தியிருந்ததாகவும் சொன்னாய். தவறு அங்கேதான் நடந்திருக்கிறது. போனில் விளக்கத் தொடங்கினால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும் என்பதால், இங்கே நாங்கள் செய்ததை எழுதுகிறேன்.

கொத்து வந்த அன்று காலை அம்மா அதைக் கூடத்து மேசையில் வைத்து, கண்ணாடித் தாளையும் ரிப்பனையும் அவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். சூரியகாந்தி போல விரிந்த ஒவ்வொரு ஜெர்பராவின் கழுத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா, ஒவ்வொன்றின் முகத்துக்கும் ஒரு மெல்லிய உறை. "பூவுக்கு எதற்கு இத்தனை உடுப்பு?" என்று கேட்டாள். ரோஜா 8, ஜெர்பரா 5, கார்னேஷன் 6, லில்லியம் என்கிற லில்லி இரண்டு தண்டு, மஞ்சள் சாமந்தியில் ஒரு பிடி, இடையிடையே பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ பூத்த ஜிப்சோபிலா, சுற்றிலும் பனையோலை போன்ற இலைகள் எனத் தரையில் செய்தித்தாள் விரித்து இனம் பிரித்தபோதுதான், இவ்வளவும் ஒரே கட்டில் எப்படி மூச்சுவிட்டன என்று தோன்றியது. ரோஜாக்களில் இரண்டின் வெளி இதழ் ஓரம் கறுத்திருந்தது. முந்தைய நாள் சரக்கை உன் தலையில் கட்டிவிட்டார்கள். ஆனாலும் அந்த ஓர இதழை மட்டும் கிள்ளிவிட்டால் உள்ளே இருப்பது நல்ல பூதான்.

கலப்புக் கொத்து என்பது சர்க்கரை நோய்க்காரர், பத்தியக்காரர், பசியோடு வந்த இளைஞர் ஆகிய எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து ஒரே சாப்பாட்டைப் பரிமாறுவது போன்றது. ரோஜா கழுத்தளவு தண்ணீர் கேட்கும். ஜெர்பராவின் தண்டு மென்மையானது, மேலெல்லாம் மெல்லிய மயிர். அதை ஆழமான தண்ணீரில் நிறுத்தினால் மூழ்கிய பகுதி அழுகிக் கூழாகிவிடும், இரண்டு விரல் உயரத் தண்ணீரே போதும். சாமந்தியின் பூ நெடுநாள் தாங்கும், ஆனால் அதன் இலை முதலில் கெட்டுத் தண்ணீரை நாறடிக்கும். இப்படி ஒன்று கெட்டால் அதில் பெருகும் பாக்டீரியா மற்றவற்றின் தண்டு நுனியையும் அடைத்துவிடும். பிறகு குடுவை நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் சாகும். ஆகவே கொத்தைப் பிரிப்பதை வெறும் அழகு வேலையாக நினைக்காதே.

இனி எனக்குச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். பூக்களைத் தரம் பிரிக்கும் கிரேடிங் கொட்டகையில் 22 ஆண்டுகள் நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். ரோஜாவுக்கு அங்கே நீளம்தான் விலை. 40, 50, 60, 70 என்று சென்டிமீட்டர் கோடு போட்ட பலகையில் தண்டை வைத்து அளந்து, 20 தண்டுக்கு ஒரு கட்டு என்று கட்டிக் குளிர் அறைக்கு அனுப்புவோம். பிப்ரவரி 14 சந்தைக்காக டிசம்பர் நடுவில் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, ஒவ்வொரு தண்டும் நீள வேண்டுமே என்று மேகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் நாங்கள். ஒரு பையன் கத்தரிக்கோலை இரண்டு அங்குலம் மேலே வைத்துவிட்டால் அன்று முழுவதும் அவனோடு பேசமாட்டேன். நீ அனுப்பியதில் ஆறு ரோஜாக்கள் 60 சென்டிமீட்டர். நிறத்தையும் மொட்டையும் பார்த்தால் நம் ஊர்த் தாஜ்மகால் ரகமாகத்தான் தெரிந்தது. அம்மா ஓர் எவர்சில்வர் டம்ளரை என் முன்னே வைத்து, "இதற்குத் தகுந்தபடி வெட்டுங்கள்" என்றாள். கை வரவில்லை. வெட்டினால் நான்கு விரற்கடைதான் டம்ளருக்கு வெளியே தெரியும்.

அவள் சொன்னதே சரி. நீளம் சந்தைக்கு வேண்டியது, வீட்டில் அதற்கு வேலை இல்லை. தண்டு குட்டையானால் தண்ணீர் பூவை எட்டும் தூரம் குறைகிறது, அதனால் பூவும் கூடுதல் நாள் நிற்கிறது. அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, தண்டு நுனியை அதில் முக்கிவைத்தபடியே சாய்வாக வெட்டினேன். கத்தி இறங்கிய இடத்திலிருந்து கடுகளவு காற்றுக்குமிழி ஒன்று மேலே வந்து உடைந்தது. வெளியே வெட்டினால் காற்று அப்படியே தண்டின் குழாய்க்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். சாய்வாக வெட்டுவது, நுனி டம்ளரின் அடியில் தட்டையாக ஒட்டி மூடிக்கொள்ளாமல் இருப்பதற்காக. தண்ணீருக்குள் இறங்கும் இலைகளையெல்லாம் உருவிவிட்டேன். மூன்று ரோஜா ஒரு டம்ளரில், ஐந்து இன்னொன்றில். மொய் வைப்பதைப் போலப் பூவுக்கும் ஒற்றைப்படைதான் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, காரணம் கேட்காதே.

லில்லியத்தில் மட்டும் எச்சரிக்கையாக இரு. மொட்டு விரிந்தவுடன், மகரந்தப் பைகள் வெடிப்பதற்கு முன்பே, அந்த ஆறையும் காகிதத்தால் பிடித்துக் கிள்ளிவிடு. அந்தத் துருநிறப் பொடி புடவையில் பட்டால் தண்ணீர் வைத்துத் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒற்றி எடுக்க வேண்டும். அம்மா தேய்த்துவிட்டாள், முந்தானையில் கறை இன்னும் இருக்கிறது. பூனைக்கு லில்லி நஞ்சு. மகரந்தத்தை நக்கினாலும், அந்தப் பூ நின்ற தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும். பக்கத்து வீட்டுப் பூனை நம் சமையலறை வழியாக உலாவுவதால், லில்லியத்தைக் கதவு சாத்தியிருக்கும் முன்னறையில் வைத்தோம். அதன் வாசனை படுக்கையறைக்கு ஆகாது, தலை வலிக்கும்.

ஜெர்பராக்களை வாய் குறுகிய எண்ணெய்ப் பாட்டில்களில் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஸ்ட்ராவைக் கழற்றி எறிந்தோம். ஒன்று அன்றே கழுத்தொடிந்தது. அதன் தலையை மட்டும் கிள்ளி வாசலில் உருளித் தண்ணீரில் மிதக்கவிட்டாள் அம்மா, மேலும் நான்கு நாள் இருந்தது. சாமந்தி பூஜை அறைக்குப் போயிற்று. சீமைப்பூ சுவாமிக்கு எதற்கு என்று மற்றவற்றை அவள் உள்ளே விடவில்லை. ஜிப்சோபிலாவைத் தண்ணீர் இல்லாமல் காயவிட்டாலும் பாதகமில்லை. காய்ந்தாலும் உருமாறாது என்பதால் பித்தளைச் சொம்பில் சும்மா சொருகி அலமாரியில் வைத்துவிட்டோம்.

கார்னேஷனை முதலில் சமையலறை ஜன்னலில் வைக்கத்தான் இருந்தோம். அங்கே வாழைப்பழச் சீப்பு தொங்குகிறது. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் வாயு வருகிறது, கார்னேஷனுக்கு அது ஆகாது, விரிந்த இதழ்கள் உள்வாங்கித் தூங்கிவிடும். ஆகவே மாடிப்படித் திருப்பத்தில் பழைய ஊறுகாய் ஜாடியில் நிறுத்தினோம். கணுவில் வெட்டினால் தண்ணீர் சரியாக ஏறாது; இரண்டு கணுக்களுக்கு நடுவில் வெட்டு. ஆறும் இன்று காலைவரை அப்படியே இருக்கின்றன.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாத்திரத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, நுனியில் அரை அங்குலம் வெட்ட வேண்டும். மற்றபடி பெரிய வித்தை எதுவும் இல்லை. லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அதே அளவு எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி பிளீச் திரவம் சேர்க்கலாம். பிளீச் இல்லாமல் சர்க்கரையை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குப் பாயசம் வைத்த கதையாகிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் ஃபிரிட்ஜின் தலைமேலும் பூவை வைக்காதே. உன் புனே வீட்டில் இருக்கிற இடமெல்லாம் அந்த இரண்டும்தான் என்பது எனக்குத் தெரியும், ஆனால் குளியலறை மாடத்தில் இடம் இருக்கிறது.

ரோஜாக்கள் ஒன்பதாம் நாள் உதிர்ந்தன. வெட்டிப்போட்ட அந்த நீளத் தண்டுகளை நான் குப்பையில் போடவில்லை. நான்கைத் தொட்டியில் நட்டிருக்கிறேன், துளிர்க்கும் என்ற நம்பிக்கை அவ்வளவாக இல்லை. அம்மா ஒரு வேலை சொல்லச் சொல்கிறாள். அடுத்த மாதம் நீ வரும்போது, ஜாம் தீர்ந்த பாட்டில்களை எறியாமல் கழுவி எடுத்து வர வேண்டுமாம். வாய் குறுகியதாக இருக்கட்டும். எண்ணெய்ப் பாட்டில்களை அவள் திரும்பக் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா