பவானிசாகருக்கு மேலே நடப்பது என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காட்டுத்தீ குறித்த தங்கள் தலையங்கம் தீத்தடுப்புக் கோடு, கண்காணிப்புக் கோபுரம், ஹெலிகாப்டர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 'மலைகளில் மேலும் லட்சக்கணக்கில் மரக்கன்று நட வேண்டும்' என்று முடிந்தது. கீழ்பவானித் தண்ணீரை நம்பி நெல்லும் மஞ்சளும் போடுகிறவனுக்கு அந்தக் கடைசி வரி உறுத்துகிறது. அந்தத் தண்ணீர் பிறக்கும் நீலகிரியில் எதை நட்டோம் என்பதை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டாமா?

நீலகிரியின் உச்சிப் பரப்பு முழுக்க மரக்காடாக இருந்ததே இல்லை. மடிப்புகளில் சோலை என்கிற பசுமை மாறாக் குட்டைக்காடு, மேடுகளில் புல்வெளி, பள்ளத்தில் சதுப்பு; இதுதான் அந்த மலையின் அமைப்பு. தோடர்கள் எருமை மேய்த்ததும், மந்து என்னும் தங்கள் குடியிருப்பை வேயப் புல் அறுத்ததும் அங்கேதான். வெள்ளைக்காரர்கள் 1840-களில் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸைக், கொண்டுவந்தார்கள். பின்னர் அது விறகுக்காகத் தோப்புத் தோப்பாகப் பெருகியது. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை வந்தது; சீகைக்காய் அல்ல, வாட்டில் என்கிற மரம். சுதந்திரத்துக்குப் பிறகும் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி நட்டுக்கொண்டே போனோம். பழனி மலையிலும் இதே கதைதான்: 1973-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

தீ வைப்பது மனிதன்தான், சந்தேகமில்லை. அதைப் பெருக்குவது எது? கற்பூர மரத்தடியில் எண்ணெய்ப் பசை கொண்ட சருகும், நாடா நாடாக உரிந்த பட்டையும் கிடக்கும். சீகைக்காட்டில் காய்ந்த சுள்ளி இடுப்பளவு கிடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 உயிர்களைக் குடித்தது புல்லில் பரவிய தீதானே என்று கேட்கலாம். புல்லும் எரியும்; மறுக்கவில்லை. ஆனால் பனியில் கருகிய மேட்டுப் புல்லில் பிடிக்கும் தீ, ஈரமான சோலையின் விளிம்பில் பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்த மழைக்குப் புல் துளிர்த்துவிடும். சீகைக்காட்டில் நடப்பது நேர்மாறு. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். ஓடு வெடித்து முளைக்கச் சூடு வேண்டும். ஆகவே தீ ஓய்ந்த இடத்தில் கீரைப்பாத்தி போலச் சீகை நாற்று நெருக்கி எழும்பும், அடுத்த தீக்கு விறகாக. 2024 மார்ச்சில் குன்னூர்த் தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் 16,000 லிட்டர் தண்ணீரைக் கொட்டியது. நல்லது. முளைத்துவரும் நாற்றைப் பிடுங்க யாரை அனுப்பினோம்?

தண்ணீர்க் கணக்கும் கைவசம் இருக்கிறது. ஊட்டி மண்வள ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டது. மற்றதில் 1972-இல் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டது. மரத்தை வெட்டும்வரையிலான முதல் போகத்தில் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்த மறுதாம்பில் குறைவு ஏறக்குறைய 25 சதவீதமானது. மழையில்லாத மாதங்களின் ஓட்டம் இதைவிட மோசமாக அடிபட்டது. ஓடையை உயிரோடு வைத்திருப்பதே அந்த மாதங்களின் ஓட்டம்தான். புல்லும் சதுப்பும் மழையை வாங்கி மெல்லக் கசியவிடும். இந்த மரங்கள் ஆண்டு முழுதும் உறிஞ்சும்.

மேல்பவானிப் பக்கம் பிறந்து அட்டப்பாடி வழியாகச் சுற்றிவரும் பவானியும், மோயாறும் சேர்ந்து பவானிசாகர் அணையை நிரப்புகின்றன. அந்தத் தண்ணீரை நம்பி 2,07,000 ஏக்கர் கீழ்பவானி ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருக்கிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று ஆண்டுக்கணக்கில் உண்ணாவிரதம், ஊர்வலம், வழக்கு என்று முட்டிக்கொண்டோம். மேல்பவானியைச் சுற்றிச் சீகை மண்டிக் கிடப்பதைப் பற்றி இரு தரப்பும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆட்களைச் சொல்லித்தான் எனக்கு அதிகக் கோபம்.

அந்நிய மரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இலேயே கொள்கை வகுத்துவிட்டது. ஒரே மூச்சில் மொட்டையடிப்பது தீர்வாகாது; திறந்த மண்ணில் மீண்டும் சீகைதான் வரும். வெட்டிய இடத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து நாற்றுப் பிடுங்கவும், உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து நடவும் ஆள் வேண்டும், கூலி வேண்டும். மலைவாழ் மக்களுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம். எங்கள் பாசனச் சங்கங்கள் வாய்க்கால் தூர்வாரக் கேட்கும் நிதியோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று தண்ணீர்த் தீர்வையோடு வசூலித்தாலும் கட்ட நான் தயார்.

இப்படிக்கு,
கீழ்பவானிப் பாசன விவசாயி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.