அஞ்சு டாலர் பணியாரக்கல்

கொலம்பஸ், ஓஹாயோ
செப்டம்பர் 14

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா வீட்டைப் பூட்டப் போகிறோம், முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் வந்தார், சுற்றிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு விலை சொல்லிவிட்டுப் போனார், கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. ஏனென்றால் இந்த ஊரில் அப்படிச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை கேட்கிற ஆள் நான்தான்.

வேலையை விட்ட பிறகு சனிக்கிழமை காலையில் கராஜ் சேலுக்குப் போகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறேன். நீ ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்திருப்பாய். நாலு வருடத்தில் அது ஒரு சின்ன வியாபாரமாகவே ஆகிவிட்டது. வீட்டு வாசலில், கார் நிற்கிற கொட்டகையில், மடக்கு மேசை போட்டு வேண்டாத சாமானைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஏப்ரலில் குளிர் விட்டதும் ஆரம்பித்து அக்டோபர் வரை ஓடும். அதில் பழைய சமையல் சாமானாகப் பார்த்து வாங்கி, கழுவித் துடைத்து, படம் எடுத்து ஈபே என்ற இணையச் சந்தையில் போடுகிறேன். நூறு டாலருக்கு விற்றால் பதிமூன்று டாலர் போல அவர்களுக்குப் போய்விடும். போன வருடம் எல்லாம் போகக் கையில் நின்றது 1,100 டாலர். பெட்ரோலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் பணியாரக்கல் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டும் என்று ஜூன் மாதத்திலிருந்து தவிக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம். எண்பது தாண்டிய ஒரு பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் துருப்பிடித்த இரும்புச் சாமான். மேலே இருந்த வாணலியை நகர்த்தினால் கீழே வட்டமாக ஒன்று. நடுவில் ஒரு குழி, சுற்றி ஆறு குழி, ஒரு கைப்பிடி. பணியாரக்கல்! யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டுப் பெட்டியில்! திருப்பிப் பார்த்தேன். துருவுக்கு அடியில் கிரிஸ்வோல்ட் என்ற எழுத்தும் 32 என்ற எண்ணும் தடவினால் கைக்குத் தெரிந்தன.

இது என்ன என்று பெரியவரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி கேட்பது எங்கள் தொழிலில் உண்டு. அன்றைக்கு நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவர் மனைவி வழியில் டென்மார்க்காரர்களாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் கோதுமை மாவு, முட்டை, மோர் கலந்து இதில் உருண்டை உருண்டையாகச் சுடுவார்களாம். எப்லஸ்கீவர் என்று பெயர். பின்னல் ஊசியால் குத்தித் திருப்பிப் போடுவார்களாம், நாம் கம்பியால் திருப்புவது போலவே. "அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்குச் சாப்பிடத்தான் தெரியும்" என்றார். பெட்டியோடு ஐந்து டாலர். எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை.

கிரிஸ்வோல்ட் என்பது பென்சில்வேனியாவில் ஈரி என்ற ஊரில் 1865இல் தொடங்கி 1957 வரை ஓடிய வார்ப்பு ஆலை. அவர்கள் வாணலி இப்போதைய வாணலியைவிட எடை குறைவாக, உள்பக்கம் வழவழவென்று இருக்கும். அதற்குத்தான் இத்தனை அடிதடி. ஆனால் வாங்கும்போது இருக்கிற கோலத்தில் யாரும் தொட மாட்டார்கள். நம் ஊரில் புதுத் தோசைக்கல்லைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்துப் பழக்குவோமே, இங்கே அதற்கு முன்னால் பழைய பழக்கத்தை மறக்கடிக்க வேண்டும். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் நாலைந்து நாள் போட்டுவைத்தால் ஐம்பது அறுபது வருடத்துக் கரி சேறு மாதிரி கழன்று வரும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே போகக் கூடாது. அப்புறம் துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி, அரை மணி நேரம். மறந்து விட்டால் இரும்பையே தின்றுவிடும். உடனே சூடு காட்டிக் காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, தடவியதை எல்லாம் துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும். தடவவே இல்லையோ என்று சந்தேகம் வர வேண்டும், அதுதான் பதம். பிறகு ஓவனில் கவிழ்த்து 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம். இப்படி மூன்று தடவை.

முதல் வருடம் இதே வாளியில் மேக்னலைட் வறுவல் பாத்திரம் ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். அது அலுமினியம். காஸ்டிக் சோடாவுக்கும் அலுமினியத்துக்கும் ஆகவே ஆகாது என்று அப்போது தெரியாது. காலையில் நுரை பொங்கி வழிந்து, பாத்திரம் கரிக்கட்டை நிறத்தில் சொரசொரவென்று கிடந்தது. நாற்பது டாலர் போச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் இன்னும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

இரும்பு ஒரு பக்கம் என்றால் பைரெக்ஸ் என்ற கண்ணாடிக் கிண்ணம் இன்னொரு பக்கம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நாலு கிண்ணம்: பெரியது மஞ்சள், அப்புறம் பச்சை, சிவப்பு, எல்லாவற்றிலும் சின்னது நீலம். 1945இல் வந்த செட். இங்கே அறுபது வயதுக்காரர்களிடம் அந்த மஞ்சள் கிண்ணத்தைக் காட்டினால் முகமே மாறிவிடும். அம்மா அதில்தான் கேக் மாவு கலப்பாளாம். பைரெக்ஸே ஒரு வீட்டுச் சமையலறையில் பிறந்ததுதான். 1913இல் கார்னிங் கண்ணாடி ஆலையில் வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, தன் வேகவைக்கும் பாத்திரம் விரிசல் விட்டுப்போனதால், ஆலையிலிருந்து சூடு தாங்கும் கண்ணாடியில் செய்த பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்துக்கொண்டு வரச் சொல்லி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். இரண்டு வருடத்தில் பைரெக்ஸ் கடைக்கு வந்துவிட்டது.

நிறக் கிண்ணத்துக்கு எமன் பாத்திரம் கழுவும் மெஷின். பளபளப்புப் போய்ச் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகிவிடும். சில பேர் அதை மறைக்க எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள், அதனால் நான் விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஆனால் உன்னிடம் சொல்ல வந்தது கிண்ணத்தின் அடிப்பக்கத்தைப் பற்றி. நிறைய கிண்ணங்களின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு காகித டேப் ஒட்டியிருக்கும், அதில் பேனாவால் ஒரு பெண்ணின் பெயர். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு போகும் சர்ச் விருந்தில் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்கவாம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உன் வீட்டு வெண்கலப் பானைதான் ஞாபகம் வந்தது. அதன் கழுத்தில் உன் அப்பத்தாவின் இனிஷியல் வெட்டியிருக்குமே, புள்ளி புள்ளியாக. நம்முடையதைச் சுரண்டினாலும் போகாது. இங்கே வெந்நீரில் பத்து நிமிடம் ஊறினால் உரிந்து வந்துவிடும். விற்பதற்கு உரித்துத்தான் ஆக வேண்டும், உரிக்கிறேன். அந்த வேலையை மட்டும் இவர் எதிரில் செய்வதில்லை.

இன்னொரு சங்கதி. லங்காஸ்டர் என்று பக்கத்து ஊர், காரில் முக்கால் மணி நேரம். அங்கே ஆங்கர் ஹாக்கிங் ஆலையில் செய்த வெளிர்பச்சைக் கண்ணாடிச் சாமானுக்கு ஜேடைட் என்று பெயர். ஒரு காலத்தில் ஹோட்டல்களில் காபி ஊற்றிக் கொடுத்த சாதாரணக் கோப்பை. தொண்ணூறுகளில், சமையலும் வீட்டு அலங்காரமும் சொல்லித் தரும் மார்த்தா ஸ்டூவர்ட் டிவியில் அதைக் காட்டியதும் விலை ஏறிவிட்டது. போன வருடம் ஒரு வாசலில் ஜேடைட் கோப்பை ஒன்றுக்கு 25 காசு என்று சீட்டு ஒட்டியிருந்தார் ஒரு பெண். ஆறு கோப்பை. எடுத்துக்கொண்டு போனேன். "இதற்கெல்லாம் மதிப்பு உண்டா?" என்று கேட்டுவிட்டார். கேட்காமல் இருந்தால் நானாகச் சொல்லியிருக்க மாட்டேன், உள்ளதைச் சொல்கிறேன். கேட்டபின் பொய் சொல்ல வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஆறையும் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். "வியாபாரம் உனக்கு வராது" என்று இவர் தீர்ப்புச் சொன்னார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மொத்த விலைக்குச் சம்மதிக்காதே. மொத்தமாக விலை சொல்கிறவர் அதில் இரண்டு மூன்று சாமானை மட்டும் மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்வார். நான் செய்வதும் அதுதான். எந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார், எதைக் கையில் எடுத்துவிட்டு அவசரமாகக் கீழே வைத்தார் என்று யோசித்துப் பார். பித்தளை அண்டாவுக்கு எடை விலை சொன்னால் அது நியாயம்தான். பேர் வெட்டிய செம்பையும் மரத்தில் கடைந்த மரவையையும் அந்தத் தராசில் ஏற்ற விடாதே. எனாமல் பூசிய மங்குச் சாமானையெல்லாம் கவிழ்த்து அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார். ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் தனியாக எடுத்து வை. விளிம்பில் எனாமல் தெறித்தது வேறு, தெறிக்காதது வேறு. அப்புறம், அவர் வருவதற்கு முன்னால் சுத்தமாக இருக்கட்டும் என்று எதையும் புளி போட்டுத் துலக்கிவிடாதே. பழசைத் தேடுகிறவனுக்கு அந்தக் கறுப்பும் சேர்ந்துதான் விலை.

உன் மருமகள் இணையத்தில் பார்த்துச் சொன்னாள் என்று எழுதியிருந்த விலையை நம்பாதே. அது கேட்கிற விலை. நீலப் பூ போட்ட கார்னிங்வேர் பாத்திரத்துக்கு ஈபேயில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். நான் விற்றதெல்லாம் இருபது டாலர் சுமாருக்குத்தான். விற்று முடிந்த விலையைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் நிற்காது. இங்கே நியூவார்க் என்ற ஊரில் லாங்கபர்கர் என்று ஒரு கூடைக் கம்பெனி இருந்தது. அலுவலகத்தையே ஏழு மாடிக் கூடை வடிவத்தில் கட்டினார்கள், 1997இல், மேலே கைப்பிடி உள்பட. அந்தக் கூடைகளைப் பெண்கள் நூறு டாலர் கொடுத்து வாங்கி, பிள்ளைகளுக்கு ஆகும் என்று பரணில் சேர்த்து வைத்தார்கள். 2018இல் கம்பெனி மூடிவிட்டது. இப்போது அதே கூடைகள் ஐந்து டாலருக்கு வாசல் வாசலாகக் கிடக்கின்றன, நான் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்தக் கடைக்காரரையும் திருடன் என்று நினைத்துவிடாதே. வாங்கியது விற்கும்வரை இடம் வேண்டும், உடைந்தால் அவர் தலையில். என் நிலவறையில் எட்டு மாதமாக ஒரு சிங்கர் தையல் மெஷின் தூங்குகிறது. பார்த்துப் பார்த்துக் கட்டி அனுப்பிய பைரெக்ஸ் கிண்ணம் டெக்சஸ் போய்ச் சேர்ந்தபோது பதினேழு துண்டு. எண்ணிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

பணியாரக்கல்லை விற்கவில்லை. ஐம்பது அறுபது டாலருக்குப் போகும். படம்கூட எடுத்து வைத்தேன். அதற்குள் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிட்டேன். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு தாளித்துக் காரப் பணியாரம். ஒரு டப்பாவில் போட்டு அந்தப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். சரி, அழப் போகிறார் போல என்று நான் சங்கடப்பட்டுக்கொண்டு நிற்கிறேன், ஸ்ட்ராபெர்ரி ஜாம் பாட்டிலோடு திரும்பி வந்தார். மிளகாய் கடிபடக் கடிபட, ஜாமில் தொட்டு நாலு பணியாரம் சாப்பிட்டார்.

எனக்கு ஒரு உபகாரம் செய். முதல் ஈடு முழுக்க அடியில் ஒட்டிக்கொண்டது. கல்லில் குற்றம் இல்லை, என் மாவில்தான். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியைத் தலைதட்டி அளந்து மேலே கோபுரமாக உளுந்து வைப்பது நினைவிருக்கிறது. குழிப்பணியாரத்துக்கு உன் அம்மா என்ன அளவு போடுவார், வெந்தயம் உண்டா இல்லையா, கேட்டு எழுது. அவருக்கு மறந்திருக்காது. அந்த மொத்த விலையில் அம்மாவின் பணியாரக்கல்லும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் போய்ப் பார். எத்தனை குழி என்றும் எண்ணி எழுது.

உன்
கமலா