ஆண்டறிக்கை 2025: அபுதாபியும் இரண்டு புள்ளிகளும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் கார் பந்தயம் பார்ப்பவர்கள் கூடி நடத்தும் நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒழுங்காகக் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி யார் யார் என்பதையும் அவரே சொல்லட்டும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நம் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் ரேஸில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்ததன் இருபதாவது ஆண்டு என்பதால், ஜூன் மாதம் ஒரு மாலைக் கூட்டம் நடத்தினோம். அன்றைக்கு ஆறு கார்தானே ஓடியது என்று ஒரு தம்பி கேட்டார். மூத்த உறுப்பினர்கள் அவருக்குச் சொன்ன பதிலை அறிக்கையில் எழுத முடியாது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் குழுவாகப் போய் வந்தோம்.

சரி, எல்லோரும் பேசக் காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, ஃபார்முலா ஒன் சீசனின் கடைசி ரேஸ். அபுதாபி யாஸ் மரீனாவில் மாலை ஐந்து மணி என்றால் நமக்கு ஆறரை. குடும்பத்தோடு வர வசதியான நேரம். மண்டபம் எடுத்துப் பெரிய திரை கட்டினோம். 2010க்குப் பிறகு முதல் தடவையாக, கடைசி ரேஸுக்கு மூன்று பேர் பட்ட வாய்ப்போடு வந்திருந்தார்கள். மெக்லாரனின் லாண்டோ நோரிஸ் 408, ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 396, நோரிஸின் அணித் தோழர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி 392. ஜெயித்தால் 25 புள்ளி, இரண்டாவதுக்கு 18, மூன்றாவதுக்கு 15. ஆகவே மற்ற இருவர் என்ன செய்தாலும் சரி, மூன்றாவது இடம் வந்தாலே நோரிஸுக்குப் பட்டம் உறுதி.

எதிர்பார்ப்பு அளவுக்கு ரேஸ் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலிடத்தில் கிளம்பிய வெர்ஸ்டாப்பன் முதலிடத்திலேயே முடித்தார். 2016இல் இதே தடத்தில் லூயிஸ் ஹாமில்டன் செய்ததுபோல, முன்னால் போய்க்கொண்டே வேகத்தைக் குறைத்து நோரிஸைப் பின்னால் வரும் கூட்டத்தில் சிக்கவைப்பார் என்று நம்மில் பலர் காத்திருந்தோம். அந்த வழியை மெக்லாரன் முன்பே அடைத்துவிட்டது. பியாஸ்ட்ரியை ஹார்ட் டயரில் கிளப்பினார்கள். அவர் முதல் சுற்றிலேயே நோரிஸை வெளிப்பக்கமாகத் தாண்டி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். அவர் டயர் நெடுநேரம் தாங்கும். வெர்ஸ்டாப்பன் மெதுவாகப் போயிருந்தால் ரேஸே பியாஸ்ட்ரி கைக்குப் போயிருக்கும். ஒரே காரை வைத்து இரண்டு பேருக்கும் அணை போட முடியாது.

மண்டபம் ஒரு தடவைதான் எழுந்து நின்றது. டயர் மாற்ற முதல் தடவை பிட்டுக்குள் போய் வந்த பிறகு நோரிஸ் ஒவ்வொருவராகத் தாண்டி மேலே வரும்போது, ரெட் புல்லின் இன்னொரு ஓட்டுநர் யூகி சுனோடா குறுக்கும் நெடுக்குமாக வளைத்து மறித்தார். நோரிஸ் நான்கு சக்கரமும் கோட்டுக்கு வெளியே போகத் தாண்டினார். விசாரணை என்று திரையில் வந்ததும் ஒருவரும் காபியைத் தொடவில்லை. தண்டனை சுனோடாவுக்குத்தான், ஐந்து விநாடி. அப்புறம் ஃபெராரியின் லெக்லெர்க் கொஞ்ச நேரம் மிரட்டினார், மெக்லாரன் நோரிஸை இரண்டாவது பிட்டுக்குக் கூப்பிட்டு அதையும் சமாளித்தது. வெர்ஸ்டாப்பன், பியாஸ்ட்ரி, நோரிஸ் என்ற வரிசையில் முடிந்தது. இறுதிக் கணக்கு: நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. 2008இல் ஹாமில்டன் ஜெயித்த பிறகு மெக்லாரன் ஓட்டுநர் ஒருவர் சாம்பியன் ஆவது இப்போதுதான்.

உண்மையான ரேஸ் அதற்குப் பிறகு நம் மண்டபத்தில்தான் நடந்தது. இரண்டு புள்ளி எங்கே போனது என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். சாப்பாட்டுப் பந்தியிலும் அது ஓயவில்லை. பதிவுக்காக அதன் சாரத்தை எழுதுகிறேன்.

வெர்ஸ்டாப்பன் கட்சி முதலில் ஸ்பெயின் ரேஸைக் கொண்டுவந்தது. கடைசிச் சுற்றுகளில் ஆத்திரத்தில் மெர்சிடிஸின் ஜார்ஜ் ரஸல் மீது காரை இடித்தார், பத்து விநாடி தண்டனை, ஐந்தாவது இடம் பத்தாவதானது. அங்கே மட்டும் 9 புள்ளி. இது அவருடைய ஆட்களே ஒப்புக்கொண்டது. அடுத்தது இத்தாலியின் மான்ஸா. பிட்டில் நோரிஸின் டயர் மாற்றம் தாமதமாகி பியாஸ்ட்ரி முன்னால் போய்விட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்று அணி சொன்னது, அவரும் கொடுத்தார். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 3 புள்ளி. அன்றைக்குப் பியாஸ்ட்ரி காது கேட்காத மாதிரி ஓட்டியிருந்தால் நோரிஸுக்கு 420தான், பட்டம் வெர்ஸ்டாப்பனுக்கு. அணிக்குள் நியாயம் என்று மெக்லாரன் சீசன் முழுக்கச் சுமந்த கொள்கையை நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ அதே கொள்கைதான் கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது.

கத்தாரை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 57 சுற்று ரேஸ், ஒரு செட் டயருக்கு 25 சுற்றுதான் உச்சவரம்பு. ஏழாவது சுற்றில் எல்லோரையும் மெதுவாக ஓடவைக்கும் சேஃப்டி கார் வந்தது. அந்த நேரத்தில் டயர் மாற்றினால் நேர நஷ்டம் குறைவு. மிச்சம் 50 சுற்று, சரியாக இரண்டு 25. கூட்டல் தெரிந்த எந்தக் குழந்தையும் அப்போது பிட்டுக்குப் போகச் சொல்லும். ஏறக்குறைய எல்லோரும் போனார்கள், மெக்லாரன் இரண்டு காரையும் வெளியே விட்டுவிட்டது. வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். நோரிஸ் ஐந்தாவதாக முடிக்க வேண்டியவர், கடைசியில் மெர்சிடிஸின் அன்டோனெல்லி தடுமாறியதால் நான்காவது ஆனார். அந்த ஓர் இடத்துக்கு 2 புள்ளி. அது கிடைக்காமல் போயிருந்தால் இருவரும் 421இல் சமம். சமமானால் வெற்றிகளை எண்ணுவார்கள். வெர்ஸ்டாப்பனுக்கு 8, நோரிஸுக்கு 7.

நோரிஸ் கட்சியும் சும்மா இருக்கவில்லை. நெதர்லாந்தின் ஜாண்ட்வோர்ட்டில் எண்ணெய் கசிந்து நோரிஸின் கார் நின்றது. லாஸ் வேகாஸில் இரண்டாவதாக வந்தும், காரின் அடியில் இருக்கும் பலகை 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்ததால் தகுதி நீக்கம், 18 புள்ளி போச்சு. கனடாவில் சொந்த அணிக்காரர் காரின் பின்னாலேயே மோதி வெளியேறியதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. நானே ஞாபகப்படுத்தினேன். பியாஸ்ட்ரிக்காகப் பேச ஒருவர்தான் இருந்தார். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை முன்னணியில் இருந்தவர், அஜர்பைஜானின் பாக்கூவில் முதல் சுற்றிலேயே சுவரில் மோதியதற்கு அவராலும் சமாதானம் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில், ஜாண்ட்வோர்ட் முடிந்தபோது, வெர்ஸ்டாப்பன் அப்போது முதலிடத்தில் இருந்த பியாஸ்ட்ரிக்கு 104 புள்ளி பின்னால் இருந்தார். இனி என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் பார்ப்பதையே விட்டுவிட்டோம். டிசம்பரில் வந்து திரை முன்னால் உட்கார்ந்தபோது, நோரிஸுக்கும் அவருக்கும் இந்த 12 புள்ளி வித்தியாசம் எப்படி வந்தது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருந்தது. தீர்ப்பு நாளில் மட்டும் கோர்ட்டுக்கு வருகிறவர் நிலைமைதான். சீசனைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு சுனோடா மறித்த அந்தச் சில நொடிகளில் மூச்சு நின்றது. மற்றவர்கள் யார் அது என்று கேட்டார்கள்.

ஆகவே வரும் ஆண்டில் கடைசி ரேஸுக்கு மட்டும் மண்டபம் எடுக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று செயற்குழு சார்பில் கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பிய ரேஸ்களில் இரண்டு மூன்றையாவது சேர்ந்து பார்ப்போம். அவை நமக்கு மாலை ஆறரைக்குத்தான் பெரும்பாலும் தொடங்கும். பிரேசில் இரவு பத்தரை, ஆஸ்டின் நள்ளிரவு தாண்டி, மெக்சிகோ ஒன்றரை மணி. அதற்கெல்லாம் அவரவர் வீட்டில் அனுமதி வாங்குவது அவரவர் பொறுப்பு. சுவரில் ஒரு பெரிய புள்ளிப் பலகையும் மாட்டலாம், ஒவ்வொரு திங்களும் யாராவது எழுத முன்வந்தால்.

வாடகை கட்டாது என்று பொருளாளர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். அதைப் பதிவு செய்கிறேன். சிறிய அறை போதும், டிசம்பருக்கு மட்டும் மண்டபம் என்பது என் பதில். 2026 அட்டவணையிலும் கடைசி ரேஸ் அபுதாபிதான், டிசம்பர் 6. அது முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துவிட்டு இந்தக் கூட்டத்திலேயே முன்பணத்துக்கு ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்