2-5 போக்கர் மேசைக்கு ஏறின மகனுக்கு

மனே,

இங்கே எல்லாரும் சுகம். களுவாஞ்சிகுடியில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, 304 சீட்டு விளையாட ஒருத்தரும் வரவில்லை, அதனால் எழுத நேரம் கிடைத்தது.

பிளைண்ட், அதாவது காட்ஸ் பார்க்கும் முன்னமே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கிற காசு, 1-3 டாலராக இருக்கிற மேசையை விட்டு 2-5க்குப் போனதில் எனக்குக் கோபம் இல்லை. கப்பலில் வேலை செய்த காலத்தில் நானும் இந்த ஹோல்டம், கையில் இரண்டு காட்ஸ், மேசையில் ஐந்து பொதுக் காட்ஸ் வைத்து ஆடுகிற போக்கர், விளையாடினவன்தான். ஆனால் நீ சொன்ன அந்தக் கை மனதுக்குள் கிடந்து குடைகிறது. முதல் ஆளாகப் பேசுகிற இடத்தில் இருந்துகொண்டு ஏஸ்-பத்து, அதுவும் வேறு வேறு சின்னம், அதை 20க்கு உயர்த்தினாய், ஒருத்தன் 65 என்று திருப்பி உயர்த்தினான், நீயும் அதே அளவு கட்டிவிட்டு, மறுகா மேசையில் ஏஸ் விழுந்ததும் பிடித்த பிடியை விடவே இல்லை. அவனிடம் ஏஸ்-ராசா. இந்த இரண்டும் மோதினால் நீ வெல்வது ஏறக்குறைய நாலில் ஒரு தடவை. அந்த ஏஸ் விழாமல் இருந்திருந்தால் 65ஓடு தப்பியிருப்பாய்!

பழைய மேசையில் இதே கை உனக்குக் காசு தந்தது, ஏனென்றால் அங்கே ஏஸ்-நாலை வைத்துக்கொண்டும் கடைசி வரைக்கும் கட்டுகிறவர்கள் இருந்தார்கள். இங்கே அப்படி ஆட்கள் குறைவு, உன் உயர்த்தலுக்கு மேலே ஒருத்தன் உயர்த்தினால் பெரும்பாலும் உன்னை அமுக்குகிற கைதான். 304இல் முதல் நாலு காட்ஸை மட்டும் பார்த்துத்தானே கேள்வி, அதாவது ஏலம், கேட்கிறோம், உன் பெரியப்பா கையில் அந்த ஆட்டத்தின் மேல் காட்ஸான ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து இருந்தால்கூட முன்னால் கேட்டவன் யார் என்று பார்த்துத்தான் வாய் திறப்பார். முன் இடத்தில் ஏஸ்-பத்து, ராசா-ஜாக் எல்லாம், வேறு சின்னம் என்றால், யோசிக்காமல் மடி.

சின்னச் சோடிகளும் அப்படித்தான். நாலு-நாலு வைத்திருந்தால் ஃப்ளாப்பில், அதாவது மேசையில் முதலில் விரிக்கிற மூன்று காட்ஸில், மூன்றாவது நாலு விழுவது எட்டரைக்கு ஒரு தடவை, விழுந்த பிறகும் எதிரில் இருப்பவன் மடித்துவிட்டால் முன்னம் கட்டின காசுக்கு என்ன கணக்கு? ஒரே சின்னம் என்று ராசா-மூன்றைத் தூக்காதே, ஃப்ளாப்பிலேயே ஐந்தும் ஒரே சின்னமாகி ஃப்ளஷ் முடிவது நூறுக்கு ஒன்றுகூட இல்லை.

அதற்காகப் பயந்து சுருண்டு இருக்கவும் வேண்டாம். பிந்திப் பேசுகிற இடமான பட்டனில் நீ இருந்து எல்லாரும் மடித்து வந்தால் அதே ஏஸ்-பத்தைத் தாராளமாக உயர்த்து, ஒரே சின்னத்தில் எட்டு-ஒன்பதும் சரிதான். பெரிய மேசையில் பிளைண்ட் காசைச் சும்மா விட்டுக்கொடுக்கிறவர்களும் இருப்பார்கள். ஏஸ்-ராசா, ராணிச் சோடி வந்தால் வெறுமனே கட்டாமல் நீயே திருப்பி உயர்த்து, மற்றவர்கள் மலிவாக நுழைய விடாதே.

ஒரு தடவை உட்கார 500 டாலர். அப்படி இருபது தடவைக்காவது, அதாவது 10,000 டாலர், விளையாட்டுக்கென்றே தனியாக இல்லாவிட்டால் திரும்ப 1-3க்கு இறங்கு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது, நானும் சொல்லவில்லை. வாடகைக் காசை வேறு கணக்கில்தானே வைத்திருக்கிறாய்? அதை மட்டும் உடனே எழுது.

அப்பா